வெறுங்காலும் பள்ளிக் காலணியும்: தட்டைப் பாதம் பற்றி நான் கற்றவை

மூன்று வயதுப் பிள்ளையின் உள்ளங்கால் தட்டையாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அந்த வயதில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாதம் அப்படித்தான் இருக்கும். ஆஸ்திரியாவில் மூன்று முதல் ஆறு வயது வரையான 835 குழந்தைகளைப் பரிசோதித்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வயதினரில் 54 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம்; ஆறு வயதினரில் 24 சதவீதம் பேருக்குத்தான். வயது ஏற ஏற உள்ளங்காலின் வளைவு தானாகவே எழுந்துவிடுகிறது. என் மகனின் கால்களைப் பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்த நாட்களில் இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் தடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. தானாக வளர வேண்டிய வளைவுக்கு நாமே இடைஞ்சல் செய்யாமல் இருப்பது முதல் வேலை. உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படும் பாதத்தை நேரத்தோடு அடையாளம் காண்பது இரண்டாவது. இந்த இரண்டையும் நான் கற்றுக்கொண்டது மகனையும், என் அக்கா மகளையும், என் கணவரின் தம்பியையும் வைத்துத்தான்.

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சிவப்பு சிமென்ட் தரை. அதில் மகனின் ஈரக்காலடி முழுப் பாதமாகப் பதியும். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு நடுவில் குழிந்து, வெளி ஓரத்தில் மட்டும் ஒரு பட்டையாகப் பதியும். இரண்டையும் ஒப்பிட்டுக் கவலைப்பட்டேன். அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது, இவனுக்கு மூன்று என்பதை எலும்பு மருத்துவர்தான் சுட்டிக்காட்டினார். பிறந்த குழந்தையின் பாதம் பெரும்பகுதி குருத்தெலும்பு. உள்வளைவின் உச்சியில் இருக்கும் படகு வடிவ எலும்பு பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் எலும்பாக இறுகத் தொடங்குகிறது. போதாததற்கு, குழந்தையின் உள்ளங்காலில் ஒரு கொழுப்புத் திண்டு உண்டு. உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச வளைவையும் அது மறைத்துவிடும். தசைநார்களும் அந்த வயதில் தளர்வாக இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து ஒழுங்காவதற்கு ஆறு வயதாகும், சில பிள்ளைகளுக்குப் பத்து வயதுகூட ஆகும்.

மருத்துவர் செய்த பரிசோதனை மிக எளிமையானது. எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை. அலமாரியின் மேலிருந்த பொம்மையைக் காட்டி எட்டி எடுக்கச் சொன்னார். மகன் நுனிக்காலில் எழுந்தான். பின்னால் குனிந்து நான் பார்த்தேன். அதுவரை காணாமல் இருந்த வளைவு அங்கே தெளிவாகத் தெரிந்தது. வெளிப்பக்கம் சாய்ந்திருந்த குதிகாலும் உள்பக்கம் திரும்பியது. பிறகு அவனைத் தட்டையாக நிற்க வைத்து, காலின் பெருவிரலை மட்டும் மேலே தூக்கினார். அப்போதும் வளைவு எழுந்தது. நிற்கும்போது மறைந்து, நுனிக்காலில் நிற்கும்போது வெளிப்படும் இந்த வகையை வளைந்துகொடுக்கும் தட்டைப் பாதம் என்கிறார்கள். குழந்தைகளிடம் காணப்படுவது மிகப் பெரும்பாலும் இதுதான். வலி இல்லாதவரை வைத்தியம் வேண்டாம், ஆறு வயதில் மறுபடி அழைத்து வாருங்கள், நடுவில் வலித்தால் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இந்தச் சோதனையை எந்தப் பெற்றோரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஆனால் கடைவீதி வேறு மாதிரி பேசும். காலணி வாங்கப் போன ஒரு பெரிய கடையில் மகனை ஒரு கண்ணாடிப் பலகையில் ஏற்றினார்கள். திரையில் அவன் உள்ளங்கால் முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது. இப்போதே, காலணிக்குள் வைக்கும் வளைவு தாங்கும் உள்ளட்டை போடாவிட்டால் முழங்கால், இடுப்பு, முதுகெலும்பு எல்லாம் கோணிவிடும் என்றார் விற்பனையாளர். விலை சில ஆயிரங்கள். வளர வளர மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டுமாம். பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லி மிரட்டினால் எந்தத் தாயும் பணத்தை எடுத்துவிடுவாள். மருத்துவர் சொன்னது நினைவில் இருந்ததால் வாங்காமல் வந்தேன்.

பிறகு தேடிப் படித்தபோது, டென்னிஸ் வெங்கர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் தலைமையில் 1989இல் வெளியான ஆய்வு கண்ணில் பட்டது. ஒன்று முதல் ஆறு வயது வரையான குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குத் திருத்தும் காலணியும், சிலருக்கு உள்ளட்டைகளும் கொடுத்து, சிலரை எதுவும் கொடுக்காமல் விட்டு, மூன்று ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். முடிவில் எல்லாப் பிரிவுகளிலும் பாதம் மேம்பட்டிருந்தது. சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. உள்ளட்டை வலியைக் குறைக்கப் பயன்படும் கருவி. வளைவை அது வளர்த்துவிடாது. வலியில்லாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காலணி பற்றி எனக்குக் கண் திறந்தது நம் பக்கத்து மாநிலத்து ஆய்வு ஒன்றால். மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் நான்கு முதல் பதின்மூன்று வயது வரையான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அதிகம். செருப்பு, சாண்டல் அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவு. ஜோசப்பும் சச்சிதானந்தமும் 1995இல் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். வளர்ச்சி முடிந்த 1,846 பேரை ஆராய்ந்து, எந்த வயதில் காலணி போடத் தொடங்கினார்கள் என்று கேட்டார்கள். ஆறு வயதுக்கு முன்பே தொடங்கியவர்களில் 3.24 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். பதினாறு வயதில்தான் தொடங்கியவர்களில் 1.75 சதவீதம். சிறுவயதில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் காலணியில் இருந்தவர்களிடமே மிக அதிகம்.

இந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். காலணிக்கும் தட்டைப் பாதத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் இவை சொல்வது. ஷூ போட்ட எல்லாப் பிள்ளைக்கும் பாதம் தட்டையாகிவிடாது; பெரும்பாலோருக்கு நன்றாகவே வளைவு வந்திருக்கிறது. உடல் பருமனும், மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் தன்மையும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. கட்டைவிரலை மணிக்கட்டுப் பக்கம் மடக்கினால் முன்கையைத் தொட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் பாதமும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும். என் மகன் அந்த ரகம்தான். மணிப்பால் ஆய்வில் காலணி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு இத்தகைய பிள்ளைகளிடம்தான் மிகத் தெளிவாகத் தெரிந்தது. எனவே வெறுங்கால் நேரத்தைக் கூட்டுவது அவனுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குள் காலணியும் இல்லை, காலுறையும் இல்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் காலுறையோடு ஓடுகிற பிள்ளை வழுக்காமல் இருக்க விரல்களை விறைத்துக்கொண்டு நடக்கும். வெறுங்காலென்றால் விரல்கள் தரையைப் பற்றும். தரை ஒரே சமதளமாக இருப்பதும் பாதத்துக்கு வேலை தராது என்பதால், காலையில் மொட்டை மாடிக்கும் மாலையில் அருகிலுள்ள பூங்காவின் மண் திடலுக்கும் அழைத்துப் போகத் தொடங்கினேன். விடுமுறைக்கு மேலூர்ப் பக்கம் மாமியார் ஊருக்குப் போனால் வயல் வரப்பிலும் வாய்க்கால் மேட்டிலும் நாளெல்லாம் நடப்பான். வரப்பில் நடப்பதைப் பக்கத்திலிருந்து கவனித்துப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் கணுக்கால் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது, விரல்கள் மண்ணை அள்ளிப் பிடிக்கின்றன. அந்த வேலையைத் தரும் கருவி எந்த மருத்துவமனையிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெறுங்கால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடுவதல்ல. நெருஞ்சி முள், கருவேல முள், கண்ணாடிச் சில் எல்லாம் நம் தெருவில் உண்டு. நண்பகல் தார்ச்சாலையில் பிஞ்சுக் கால் கொப்பளித்துவிடும். திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கம் உள்ள இடங்களில் கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். அது இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். அந்த மாதிரி இடத்தில் செருப்பு கட்டாயம். ஐந்து வயதில் போட வேண்டிய ரண ஜன்னி ஊக்கத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கு இரு முறை தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு எளிது: எனக்குத் தெரிந்த சுத்தமான இடம், வெயில் தாழ்ந்த நேரம் என்றால் வெறுங்கால். மற்ற நேரம் செருப்பு.

நடை பழகும் வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வேண்டாம். அதில் பிள்ளையின் எடை இருக்கையில் தொங்கும். பாதம் முழுவதும் ஊன்றாமல் விரல் நுனியால் உந்திப் போகும். நடையை விரைவுபடுத்துவதும் இல்லை. படியில் உருண்டு விழுந்த குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. தச்சரிடம் செய்து வாங்கும் நம் மர நடைவண்டி வேறு. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தன் எடையைத் தன் காலிலேயே தாங்கி, தானே தள்ளி நடக்கிறது.

மாமியார் தினமும் விளக்கெண்ணெய் தடவி, பேரனின் உள்ளங்காலைப் பெருவிரலால் குழித்து அழுத்துவார். மருத்துவரிடம் கேட்டேன். வளைவு அதனால் வராது, ஆனால் கெடுதலும் இல்லை என்றார். பாட்டியின் மடியில் காலை நீட்டிக்கொண்டு கதை கேட்பது பிள்ளைக்குப் பிடித்திருந்தது. அதை நான் நிறுத்தச் சொல்லவே இல்லை.

காலணி தவிர்க்க முடியாதபோது எப்படித் தேர்ந்தெடுப்பது? பிள்ளையை நிற்க வைத்து இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்குத்தான் அளவு. மாலையில் கால் சற்று உப்பியிருக்கும் என்பதால் அப்போது வாங்குவது நல்லது. நீண்ட விரலுக்கு முன்னால் நம் கைப் பெருவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். முன்பகுதி அகலமாக, விரல்கள் விரிந்து அசையும்படி இருக்க வேண்டும். இரு கையாலும் மடக்கிப் பார்த்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் எளிதாக மடங்க வேண்டும். நட்ட நடுவில் மடங்கினாலோ, மடங்கவே மாட்டேன் என்றாலோ வேண்டாம். பின்புறம் வாரோ, குதிகாலைப் பிடிக்கும் காப்போ இருக்கட்டும். வார் இல்லாத செருப்பு கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஓயாமல் மடங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம். அதில் கால் உள்ளே வழுக்கிப் பிள்ளை தடுக்கி விழுகிறது. சின்னக் குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அளவு பார்க்க வேண்டியிருக்கிறது. விலை உயர்ந்த ஒன்றைவிட, மலிவான மெல்லிய சாண்டலை அடிக்கடி மாற்றுவதே மேல் என்பது என் அனுபவம்.

பயிற்சி என்று பெயர் சொல்லி உட்கார வைத்தால் ஐந்து வயதுப் பிள்ளை எழுந்து ஓடிவிடும். விளையாட்டாகச் செய்தோம். தரையில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, கால் விரலால் கவ்விக் கிண்ணத்தில் போட வேண்டும். துண்டை விரித்து, உட்கார்ந்தபடியே விரல்களால் சுருட்டி இழுக்க வேண்டும். நுனிக்காலில் கொக்கு நடை, குதிகாலில் மட்டும் நடை. பாண்டி ஆட்டமும் கயிறு தாண்டுதலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு. இவை எலும்பின் அமைப்பையே மாற்றிவிடும் என்று எந்த மருத்துவரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. பாதத்தின் சிறு தசைகளுக்கு வலு கிடைக்கும், நிலைதடுமாறாமல் நிற்க வரும், எப்படியும் பிள்ளை ஓடியாடுகிறது. இது போதும் எனக்கு.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது கெண்டைக்காலின் தளர்வை. அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் மாலையானால் கால் வலி. வளர்கிற வலி என்று எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். அவளுக்கும் வளைந்துகொடுக்கும் தட்டைப் பாதம்தான். ஆனால் குதிகால் தரையில் பதியும்படி குந்தி உட்கார அவளால் முடியவில்லை. பின்னால் சாய்ந்து விழுந்தாள். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாண் இறுகியிருந்தது. அது இறுகினால் நடக்கும்போது கணுக்கால் மடங்க முடியாமல், அந்த மடிப்பைப் பாதத்தின் நடுப்பகுதியில் தேடிக்கொள்ளும். வளைவு நசுங்கும், வலி வரும். 1940களில் ஹாரிஸ், பீத் என்ற இரு மருத்துவர்கள் கனடா ராணுவ வீரர்கள் சுமார் 3,600 பேரின் பாதங்களை ஆராய்ந்தார்கள். வெறும் தட்டைப் பாதம் யாருக்கும் பெரிய தொல்லை தரவில்லை, தசைநாண் இறுகியவர்களே அவதிப்பட்டார்கள் என்று அவர்களும் கண்டார்கள். இயன்முறை மருத்துவர் அக்கா மகளுக்குச் சுவரில் கை ஊன்றி, பின்காலின் முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தூக்காமல் சாய்ந்து நிற்கும் நீட்டல் பயிற்சி கொடுத்தார். சில காலத்துக்கு மென்மையான உள்ளட்டையும் போட்டார்கள். சில மாதங்களில் வலி அடங்கியது. மேற்கத்திய கழிப்பறையும் நாற்காலியும் மட்டுமே அறிந்து வளரும் நம் பிள்ளைகள் குந்தி உட்காருவதையே மறந்துவிடுகிறார்கள். தரையில் குந்தி விளையாட விடுங்கள். முடியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் கணவரின் தம்பியின் கதை இதிலிருந்து வேறானது. ராணுவ ஆள்சேர்ப்பில் ஓட்டத்தில் தேறி, மருத்துவப் பரிசோதனையில் தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பப்பட்டார். குடும்பத்தில் எல்லோரும், சின்ன வயதில் கவனிக்காமல் விட்டதால் வந்த வினை என்று மாமியாரைக் குறைசொன்னார்கள். ஆனால் அவருக்கு நுனிக்காலில் நின்றாலும் வளைவு வராது. பன்னிரண்டு வயதிலிருந்தே கணுக்கால் அடிக்கடி பிசகும், மேடுபள்ளத்தில் நடந்தால் வலிக்கும். பின்னாளில் எடுத்த ஸ்கேனில், தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு பாத எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது தெரிந்தது. அது பிறவியிலேயே அமைவது. எட்டு வயதுக்கு மேல் எலும்பு இறுகும்போதுதான் தொந்தரவு தொடங்கும். வெறுங்காலாலும் எண்ணெயாலும் தடுக்கக்கூடியது அல்ல. மாமியார்மீது ஒரு தவறும் இல்லை என்று நான் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இந்திய ராணுவத்தின் மருத்துவ விதிகளும் இந்த வேறுபாட்டை ஏற்கின்றன: நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்பி, பாதம் இளக்கமாக, வலியின்றி, நன்றாக ஓட முடிந்தால் தகுதி உண்டு.

எனவே எந்த வயதானாலும் இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்: நுனிக்காலில் நின்றும் வளைவு எழாதது, பாதம் விறைப்பாக இருப்பது, ஒரு கால் மட்டும் தட்டையாக இருப்பது, நொண்டுவது, விளையாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்வது, முன்பிருந்த வளைவு மறைவது, உள்பக்க ஓரத்தில் காய்ப்பு விழுவது. உடல் எடையும் கவனத்தில் இருக்கட்டும். பருமனான பிள்ளைகளிடம் தட்டைப் பாதம் கூடுதலாகக் காணப்படுகிறது. எண்ணெய்ப் பலகாரத்தையும் குளிர்பானத்தையும் குறைப்பதும் பாதத்துக்குச் செய்யும் உதவிதான்.

பள்ளி விஷயம்தான் கடினமாக இருந்தது. எல்கேஜி முதலே கறுப்பு ஷூ, காலுறை கட்டாயம். வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பும்வரை கணக்கிட்டால் மணிப்பால் ஆய்வாளர்கள் சொன்ன எட்டு மணி நேரம் வந்துவிடுகிறது. நம் சித்திரை வெயிலில் அந்த ஷூவுக்குள் கால் வெந்து, விரலிடுக்கில் புண்ணாகவும் செய்கிறது. தலைமை ஆசிரியையிடம் மருத்துவரின் கடிதத்தோடு போனேன். இன்னும் சில பெற்றோரும் உடன் வந்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். மழலையர் வகுப்புகளுக்கு வார் வைத்த சாண்டல் போதும் என்று ஒப்புக்கொண்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஷூ உண்டு, ஆனால் வகுப்பறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். அதற்காக ஒவ்வொரு வகுப்புக்கும் வெளியே மர அடுக்கு செய்துவைத்திருக்கிறார்கள். பெயர் எழுதிய துணிப்பை ஒன்றைப் பெற்றோர் தைத்துக் கொடுத்துவிட்டால் காலுறை தொலைவதில்லை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேட்பதானால் கல்வியாண்டு தொடங்கும் ஜூனுக்கு முன்பே, சீருடை அறிவிப்பு வருவதற்குள் கேளுங்கள். ஷூ வாங்கியபின் கேட்டால் மற்ற பெற்றோர் உடன் வரத் தயங்குகிறார்கள்.